மலைநாட்டிற் கொழுக்கிப்புழு: நோய்முதல் தேடிய வரலாறு

நோய் இன்னதென அறிதல், அதன் காரணத்தை அறிதல், அதனைத் தணிக்கும் வழியறிந்து செய்தல் என மருத்துவனுக்கு மூன்று படிகளை வகுத்தார் திருவள்ளுவர். இம்மூன்றனுள் நடுப்படியே வழுக்கல் மிக்கது. காரணத்தைத் தேடப் புகுந்தோர் காரணத்தை விட்டுக் குற்றவாளியைத் தேடிச் சென்றமைக்கு மருத்துவ வரலாற்றிற் சான்றுகள் பல உள. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு நோய் ஆராயப்பட்ட வரலாறு அவற்றுள் ஒன்றாகும். உயிர்களின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து நோயின் வழியைக் காணும் முறை கைவந்துள்ள இந்நாளில், அவ்வரலாற்றை மீட்டும் நோக்குதல் பயனுடைத்து.

புழுவும் அதன் வழியும்

கொழுக்கிப்புழு ஏறத்தாழ ஒரு சதமமீற்றர் நீளமுடையது. சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு குருதியை உறிஞ்சி வாழ்வது. ஒன்றிரண்டு புழுக்களாற் பெருந்தீங்கு விளைவதில்லை. நூற்றுக்கணக்கிற் குடிகொள்ளின் உடல் வெளுத்து, மூச்சு வாங்கி, உழைக்கும் ஆற்றல் குன்றும். கருவுற்ற பெண்டிருக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் அது விளைக்கும் கேடு பெரிது.

மிலான் நகர மருத்துவரான டுபினி என்பார் 1838ஆம் ஆண்டில் இறந்த பெண்ணொருத்தியின் உடலைச் சோதித்தபோது இப்புழுவைக் கண்டார். 1843இல் அதற்குப் பெயரிட்டு நூலெழுதினார். ஆயினும், சுவிற்சர்லாந்தில் கொத்தார்ட் மலையைக் குடைந்து புகையிரதச் சுரங்கம் அமைத்த தொழிலாளர் 1880ஆம் ஆண்டளவிற் பெருந்தொகையாகச் சோகையுற்று வீழ்ந்தபோதே இதன் கொடுமையை ஐரோப்பா உணர்ந்தது. சுரங்கத்தின் கெட்ட காற்றே காரணமென முதலிற் கருதினர். பின்னர், மலங்கழிக்க இடமின்றி ஈரமண்ணில் நாள் முழுவதும் உழைத்தோரின் குடலில் இப்புழு நிறைந்திருந்தமை தெரியவந்தது.

புழு உடலினுட் புகும் வழியைக் கண்டவர் எகிப்தின் கெய்ரோ நகரிற் பணியாற்றிய ஜெர்மானிய அறிஞர் ஆதர் லூஸ். புழுவின் குடம்பிகள் கலந்த நீர்த்துளி அவர் கைமீது தற்செயலாகச் சிந்திற்று. அவ்விடம் எரிந்து சிவந்தது. சில வாரங்கள் கழிந்தபின் அவர்தம் மலத்திலேயே புழுவின் முட்டைகள் காணப்பட்டன. மலத்தோடு மண்ணில் விழும் முட்டை பொரித்து, நிழலும் ஈரமும் வெம்மையும் உள்ள இடத்தில் ஒரு வாரமளவில் தொற்றும் நிலையடைந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும் என்பது இங்ஙனம் புலனாயிற்று. கொழுக்கிப்புழுக்களுட் சில இனங்கள் மண் படிந்த உணவோடும் நீரோடும் வாய்வழியாகவும் புகவல்லன என்பதும் பின்னர் அறியப்பட்டது. வட்டப்புழுவோ தோலைத் துளைப்பதில்லை. அதன் முட்டை கைவழியாகவும் கழுவாத கீரை, காய்கறி வழியாகவும் உணவிற் கலந்தே வயிற்றை அடைகின்றது.

தோட்டமும் லயமும்

கோப்பிப் பயிர்ச்செய்கைக்கெனத் தமிழகத்தின் மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டோர் பலர். 1869ஆம் ஆண்டிற் கோப்பிச் செடியைப் பற்றிய துருநோய் அப்பயிரை அழித்தது. லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கியிருந்த தேயிலைச் செய்கை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பறிக்குங் காலத்தில் மாத்திரமே ஆட்கள் பெருந்தொகையாக வேண்டும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் வேண்டும். ஆகவே, வந்துபோனோர் குடும்பத்தோடு தங்குவோராயினர். ஹற்றன், டிக்கோயா, நுவரெலியாப் பகுதிகளின் சரிவுகளில் லயங்கள் வரிசை வரிசையாக எழுந்தன.

லயத்தின் ஒரு காம்பராவிற் குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. மலசலகூடம் பெரும்பாலான தோட்டங்களில் இருக்கவில்லை. தேயிலைச் செடிகளின் மறைவே அதற்கு உதவிற்று. அதே செடிகளின் நடுவே காலைப் பிரட்டு முடிந்ததும் பெண்டிர் வெறுங்காலுடன் கொழுந்து பறிக்கச் சென்றனர். மழை பெய்து ஈரம் மாறாத மண். செடி தரும் நிழல். நாள்தோறும் அதில் மிதிக்கும் கால்கள். குடம்பி வளர்வதற்கு வேண்டிய யாவும் அங்கே ஒருங்கே அமைந்திருந்தன. நுவரெலியாவின் உச்சியிற் குளிர் மிகுதியாதலின் கொழுக்கிப்புழு அங்கு அத்துணை தழைப்பதில்லை. தாழ்ந்த, வெம்மையான தோட்டங்களிலேயே அதன் ஆட்சி ஓங்கிற்று. குளிரைத் தாங்கவல்ல வட்டப்புழு முட்டையோ உயர்ந்த தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை.

1916ஆம் ஆண்டின் இயக்கம்

தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டம் 1872ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. 1912இல் அது புதுக்கப்பட்டது. ஆயினும், கொழுக்கிப்புழுவை எதிர்த்த முதற்பெரு முயற்சி அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தினுடையதே. அந்நிறுவனத்தின் கீழ்த்திசைப் பணிப்பாளரான டாக்டர் விக்டர் ஹைசர் இலங்கை அரசினரோடும் தோட்டத்துரைமாரோடும் பேசி வழிவகுத்தார். டாக்டர் ஸ்னொட்கிராஸ் என்பாரின் பொறுப்பில் 1916ஆம் ஆண்டில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் பணி தொடங்கிற்று. ஒவ்வொருவரின் மலமும் நுணுக்குக்காட்டியாற் பரிசோதிக்கப்பட்டது. பரிசோதிக்கப்பட்டோருள் மிகப் பெரும்பாலோர் புழுவுடையோராய் இருந்தனர். முதலிற் தைமோலும், பின்னர்க் கெனோபோடியம் எண்ணெயும் மருந்தாக வழங்கப்பட்டன.

மருந்துண்டவர் தேறினர், மாதங்கள் சில கழிந்ததும் மீண்டும் புழு கொண்டனர். மண் பழைய மண்ணாகவே இருந்ததுதான் காரணம். மலசலகூடம் அமையாமல் மருந்தாற் பயனில்லை என்று இயக்கத்தார் வற்புறுத்தினர். செலவு தம்மைச் சார்ந்ததாகையால் துரைமார் பலர் தயங்கினர். அமைத்துக் கொடுத்தாலும் தொழிலாளர் பயன்படுத்தமாட்டார் என்ற வாதமும் எழுந்தது. தூய்மை செய்ய ஆளின்றியும் நீரின்றியும் அமைக்கப்பட்ட கூடத்தை எவர்தாம் விரும்புவர் என்ற வினா போதிய அளவு கேட்கப்படவில்லை.

இந்நிலையில், நோய்முதல் எங்கே என்ற தேட்டம் வேறு திசையிற் திரும்பிற்று. புழு தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரின் குடலில் ஏறி வருகின்றது. அவரே அதனைத் தீவின் கிராமங்களுக்கும் பரப்புகின்றனர் என்னும் கருத்து வலுப்பெற்றது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபின் மண்டபம் முகாமே தொழிலாளர் வரும் வாயிலாயிற்று. அங்கு அவர்களைத் தடுத்துவைத்துப் புழுமருந்து கொடுத்து அனுப்பும் முறையும் பின்னர் ஏற்பட்டது. சென்னை மாகாணத்திற் கொழுக்கிப்புழு பெருகியிருந்தமை உண்மையே. எனினும், வாயிலில் மருந்தளிப்பது எளிது. தோட்டந்தோறும் மலசலகூடம் அமைப்பது அரிது. எளியது காரணமாகக் கொள்ளப்பட்டது. அரியது பின்னிற்க நேர்ந்தது.

புழுவை எண்ணி மக்களை அறியமுயன்றமை

கொழுக்கிப்புழு ஒன்றன்று. பழைய உலகில் அறியப்பட்ட அங்கைலோஸ்டோமா இனத்தோடு, 1902இல் ஸ்டைல்ஸ் என்பார் அமெரிக்காவிற் கண்டு பெயரிட்ட நெக்கேற்றர் இனமும் மனிதரைப் பற்றுவது. இவ்விரண்டின் முட்டைகளும் நுணுக்குக்காட்டியில் ஒன்றுபோலவே தோன்றும். வளர்ந்த புழுவின் வாயை நோக்கினாலன்றி வேறுபாடு புலப்படாது. றொக்பெல்லர் நிறுவனத்தின் சார்பில் 1915 முதல் 1917 வரை மலாயா, யாவா, பீஜி ஆகிய இடங்களில் ஆய்வு நிகழ்த்திய சாமுவேல் டார்லிங் என்பார், மருந்துண்டோர் கழித்த புழுக்களைப் பொறுக்கி எண்ணினார். மலாயாவின் தோட்டங்களில் உழைத்த தமிழரும் அவ்வாய்வில் அடங்குவர். எந்த மக்களிடம் எவ்வினப் புழு எவ்விகிதத்தில் உள்ளது என்பதைக்கொண்டு அம்மக்கள் பண்டைநாளில் எங்கிருந்து பெயர்ந்தனர் என்றுகூட அறியலாம் என 1920இல் அவர் எழுதினார்.

நோயுயிரியின் வகையைக்கொண்டு அதன் வழியைக் காணும் இன்றைய முறைக்கு டார்லிங்கின் எண்ணிக்கை ஒரு முன்னோடி எனலாம். அக்கருத்தின் குறையும் அதிலேயே தெரிகின்றது. புழுவின் வழி மனிதனின் வழியாகவே இருத்தல் வேண்டும் என அவர் கொண்டார். மனிதனல்லாத உயிரொன்று அக்கதையில் இடம்பெறக்கூடும் என்பது அன்று போதியவாறு எண்ணப்படவில்லை.

இலங்கையின் பெயர் தாங்கிய புழு

அவ்வுயிர்பற்றிய குறிப்பு ஏற்கெனவே ஏட்டில் இருந்தது என்பது வியத்தற்குரியது. கெய்ரோவின் அதே லூஸ், இலங்கையில் ஒரு புனுகுப்பூனையின் குடலிலிருந்து எடுக்கப்பட்ட புழுவை ஆராய்ந்து, 1911ஆம் ஆண்டில் அதற்கு அங்கைலோஸ்டோமா சிலோனிக்கம் என்று இத்தீவின் பெயரையே சூட்டினார். இரண்டாண்டுகளில், 1913இல், வங்காளத்திற் பணியாற்றிய கிளேட்டன் லேன் என்பார் அதே புழுவை மனிதரிடத்துங் கண்டு அறிவித்தார். ஆனால், அவ்வாண்டிலேயே லைப்பர் என்னும் ஆங்கில அறிஞர், அது பிரேசில் நாட்டு நாய் பூனைகளிற் காணப்பட்டு 1910இற் பெயரிடப்பட்ட புழுவே என முடிவுகட்டினார். இலங்கைப் பெயர் நூல்களிலிருந்து மறைந்தது. 1951இல் இத்தாலியரான பியோக்கா இரண்டையும் நுணுகி ஒப்பிட்டு, அவை வேறு வேறு இனங்கள் என நிறுவியபோதே அப்பெயர் மீண்டது.

ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஒரு புழு பெயரிழந்து கிடந்தமை வெறும் ஏட்டுப் பிழையன்று. பிரேசில் இனம் மனிதரின் தோலில் ஊர்ந்து அரிப்பூட்டுமேயன்றிக் குடலில் நிலைத்து வளர்வதில்லை. இலங்கைப் பெயருடையதோ நாயிலும் பூனையிலும் வாழ்வதோடு மனிதர் குடலிலும் முதிர்ந்து குருதி உறிஞ்சவல்லது. தோல்வழியாகவும் வாய்வழியாகவும் புகவல்லது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டதனால், நாயிடமிருந்து மனிதருக்குக் குடற்புழு வரக்கூடும் என்னும் எண்ணம் மங்கிற்று. தோட்டத்து மருந்துச்சாலையின் ஏடுகளில் எல்லாம் ‘கொழுக்கிப்புழு’ என்ற ஒரே சொல்லில் அடங்கின.

மரபணு கூறும் சான்று

முட்டைகள் ஒன்றுபோலத் தோன்றினும் அவற்றினுள் எழுதப்பட்ட மரபணு ஒன்றன்று. டி.என்.ஏ. என்னும் இழையில் நான்கு வகைக் கூறுகள், நான்கெழுத்து மொழிபோல, வரிசையாக அமைந்துள்ளன. அவ்வரிசையைப் படிக்கும் முறையொன்றைப் பிரெடெரிக் சாங்கர் 1977இல் வகுத்தார். இழையின் ஒரு பகுதியைக் கோடிக்கணக்கிற் படியெடுக்கும் முறை 1980களில் உருவாயிற்று. இவ்விரண்டுங் கூடியபின், சிறிதளவு மலத்திலுள்ள முட்டைகளே போதியனவாயின. அவற்றின் எழுத்துவரிசையைப் படித்து, இன்ன இனம் என்றும், இன்ன புழுக்களுக்கு நெருங்கிய உறவுடையது என்றும் கூற இயன்றது.

இதன் பயனாக, மறைந்திருந்த இலங்கைப் பெயர்ப் புழு பல நாடுகளில் வெளிப்பட்டது. பாங்கொக் நகரின் பௌத்த விகாரைகளைச் சூழ வாழ்ந்த நாய்களிடத்தும் மக்களிடத்தும் அது உள்ளதென 2008இல் ஓர் ஆய்வு காட்டிற்று. கம்போடியாவின் கிராமமொன்றிற் கொழுக்கிப்புழு கொண்டிருந்த மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அதனை உடையர் என 2014இல் அறிவிக்கப்பட்டது. 2015இல் அப்புழுவின் மரபணுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. தென்கிழக்காசியாவில் மனிதரைப் பற்றும் கொழுக்கிப்புழுக்களுள் நெக்கேற்றருக்கு அடுத்தபடியாக இதுவே பரவியுள்ளதென அறிஞர் இப்பொழுது கருதுகின்றனர்.

அங்ஙனமாயின் குற்றவாளி நாய்தானோ எனக் கேட்கத் தோன்றும். இதற்கு விடையாக, மலைநாட்டை ஒத்த அசாம் தேயிலைத் தோட்டங்களிலிருந்து 2002இல் வெளிவந்த ஆய்வொன்று நிற்கின்றது. அங்கு நாய்களின் மலத்தில் வட்டப்புழு முட்டைகள் காணப்பட்டன. மரபணுவைச் சோதித்தபோது அவை மனிதரின் வட்டப்புழுவே எனத் தெளிவாயிற்று. மலசலகூடமில்லாத தோட்டத்தில் மனித மலத்தை உண்ட நாய், முட்டைகளைச் சுமந்து சென்று லயத்து முற்றத்திற் கழித்தது. முன்பு தொழிலாளன் மீது சுமத்தப்பட்ட பழி இப்பொழுது நாயின் மீது ஏறப் பார்க்கின்றது. நாயோ, மனிதர்க்கு உரிய இடம் மறுக்கப்பட்ட நிலத்தில் அலைந்த பிராணி. மரபணுவின் எழுத்துக்களைக் கருத்தூன்றிப் படிப்போர் அங்கே காண்பது இல்லாத மலசலகூடத்தையே.

பிற நாடுகள் தரும் படிப்பினை

பழி தவறான இடத்திற் படிதல் ஏழை நாடுகளுக்கு மாத்திரம் உரியதன்று. 1996ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் சைக்குளோஸ்போரா என்னும் ஒட்டுண்ணியால் 1,465 பேர் கடும் வயிற்றோட்டம் உற்றனர். கலிபோர்னியாவின் ஸ்ட்ரோபெரிப் பழமே காரணமென முதலிற் குறிக்கப்பட்டமையால் உழவர் பேரிழப்பு அடைந்தனர். பின்னரே குவாத்தமாலாவிலிருந்து வந்த ராஸ்பெரிப் பழம் எனத் தெரியவந்தது. அவ்வொட்டுண்ணியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பெருக்க இயலாதாகையால், அன்று நோயாளரின் நினைவையும் வணிகரின் கணக்கேட்டையுமே நம்பவேண்டியிருந்தது. பிற்காலத்தில் அதன் மரபணுக் குறிகள் எட்டினை ஒப்பிட்டு, ஒரே மூலத்திலிருந்து நோயுற்றோரை ஒரு குழுவாகப் பிரித்தறியும் முறை வகுக்கப்பட்டது.

வட்டப்புழுவின் வரலாறும் இத்தகையதே. குவாத்தமாலாக் கிராமங்களில் மனிதரின் புழுவும் பன்றியின் புழுவும் பெரும்பாலுங் கலவாமல் தனித்தனியே சுற்றிவருகின்றன என 1993இல் மரபணு ஆய்வு காட்டிற்று. டென்மார்க்கிலோ மனிதரிடம் அரிதாகக் காணப்படும் வட்டப்புழு பன்றியிலிருந்தே வருகின்றதென அறியப்பட்டது. புழு ஒன்று, முறை ஒன்று, விடைகள் இரண்டு. ஆதலின் ஓரிடத்து முடிவை மற்றோரிடத்துக்கு அப்படியே ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. அசாமின் விடை அசாமுக்கும் கம்போடியாவின் விடை கம்போடியாவுக்கும் உரியது. ஹற்றனுக்கு உரிய விடையை ஹற்றனின் மண்ணிலும் மக்களிடத்தும் நாய்களிடத்துமே தேடவேண்டும்.

மற்றொன்றும் கருதற்பாலது. மரபணு வரிசை இரண்டு புழுக்களின் உறவைச் சொல்லும். எது எதனிடமிருந்து எப்பொழுது வந்ததென்பதை அது தனித்து நின்று சொல்லாது. குடிநீர் எங்கிருந்து வருகின்றது, பீலிக்கு மேலே யாது உள்ளது, பிள்ளைகள் எங்கே விளையாடுகின்றனர் என்பனவற்றை ஊரில் நடந்து கேட்டறிந்தோரே அவ்வெழுத்துக்குப் பொருள் காணவல்லர்.

தணிக்கும் வழி

1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கைக்கு மாறிற்று. 1990களின் நடுப்பகுதி முதல் தோட்டப் பிள்ளைகளுக்குக் காலந்தோறும் பூச்சிமாத்திரை வழங்கப்பட்டு வந்தது. பத்தாண்டு வழங்கியபின் நிகழ்ந்த ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 29 பேரிடம் அப்பொழுதும் மண்வழிப் பரவும் புழு இருந்தமையையும், அவற்றுள் வட்டப்புழுவே மிக்கிருந்தமையையும் அது கூறிற்று. முன்னைய காலத்தோடு ஒப்பிடின் இது பெருமுன்னேற்றமே. ஆயினும், மாத்தளையில் 1916இற் கற்ற பாடம் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் பழையதாகவில்லை. மருந்து குடலைத் தூய்மையாக்கும். மண்ணைத் தூய்மையாக்குவது வீடும் நீரும் மலசலகூடமுமே.

‘எங்கிருந்து வந்தாய்?’ என்ற வினா மலைநாட்டு மக்களிடம் நெடுங்காலம் கேட்கப்பட்டு வந்தது. மண்டபம் முகாமில் மருத்துவர் கேட்டனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் கேட்டது. அதனால் நாடற்றோரானவருள் எஞ்சியோர் 2003ஆம் ஆண்டின் சட்டத்தினாலேயே குடியுரிமை எய்தினர். புழுவின் மூலந்தேடிய அறிவியலும் தன்னையறியாமல் அவ்வினாவின் சாயலைப் பெற்றிருந்தது. மரபணுவைப் படிக்குங் கருவி நாளை மலைநாட்டு மருந்துச்சாலைகளுக்கும் வரலாம், வருதல் வேண்டும். அது வரும்பொழுது, புழுவைச் சுமந்தவர் யார் என்ற பழைய வினாவுக்கு விடை தேடி நின்றுவிடின், நுணுக்குக்காட்டி செய்த பிழையையே அதுவும் செய்யும். புழு எவ்வழி நடந்தது, அவ்வழி ஏன் இன்னும் அடைபடவில்லை, அதனை அடைக்கும் கடமை எவருடையது என்று வினவின், நடுப்படியில் நூறாண்டு தங்கிய மருத்துவம் வள்ளுவர் வகுத்த மூன்றாம் படியில் ஏறும்.